சம்பந்தி வீட்டு மண் கெண்டி

நவம்பர் 11, 1991. திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. அஞ்சலை வேலைக்கு வர ஒன்பதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் முழங்கால் அளவு தண்ணீராம். அவள் புடவை ஓரம் நனைந்திருக்கவில்லை. கேட்கவில்லை.

செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய். கிரைண்டர் பெல்ட். அவருக்காகத் திருப்பலிக்குச் சாமியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். நவம்பர் இறந்தவர்களின் மாதம், பூசைக்குப் பெயர் கொடுப்பவர்கள் நெரிசல்.

ஐந்தரைக்கு டீ போட்டேன். இரண்டு கோப்பை. தாமஸ் எட்டேகாலுக்கு வந்தான். கம்பெனி பஸ்ஸில் வரும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் இறங்கிவிடுகிறான், மாமியார் வீட்டில். லீமா பிரசவத்துக்கு அங்கே போய் இருபது நாள் ஆகிறது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்காதே என்று நான் சொல்வேனா? பார்க்கட்டும். ஆனால் டீயும் அங்கேயே.

"அங்கேயே குடிச்சிட்டேம்மா."

பதினோராவது தடவை. எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணியிருக்கிறேன்.

அவர் போய் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் ஐந்தரை மணி எங்கள் இருவருக்கும்தான். படிக்கும்போது பாடம், பிறகு வேலை, சூப்பர்வைசரின் கோபம், லைன் நின்ற கதை. கல்யாணம் ஆன பிறகும் அந்த அரைமணி நேரம் லீமா சமையலறையில் வேலை இருப்பது போல் ஒதுங்கிக்கொள்வாள். நல்ல பெண். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நவம்பர் 12. செவ்வாய்

மழை இல்லை. துணி பாதி காய்ந்தது.

அந்தப் பானை விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், மனதில் கிடந்து சுற்றுவதற்குப் பதில்.

செப்டம்பரில் தாமஸைக் கம்பெனி மூன்று வாரம் தைவானுக்கு அனுப்பியது, புது மெஷின் பழக. திரும்பும்போது கொண்டு வந்தது: லீமாவுக்கு வாட்ச். பிறக்கப் போகிற பிள்ளைக்கு மஞ்சள் கம்பளிச் சட்டை. எனக்கு மூன்று மடிப்புக் குடை. ச.வுக்குச் சீன மண் டீ பாட்.

ச. என்றால் சம்பந்தி சவரியம்மாள். இந்த நோட்டில் இனி ச.தான். முழுப் பெயர் எழுத இடம் வீண்.

குடை நல்ல குடை. மடக்கினால் கைப்பைக்குள் போகும். ஆனால் குடையை நடுவில் வைத்துக்கொண்டு யாரும் சுற்றி உட்கார்ந்து பேசுவதில்லை.

கொடுக்கும்போது சொன்னான்: "உங்களுக்குத்தான் வெள்ளைப் பீங்கான் சைனா செட் இருக்கேம்மா. இது சோப்பே படக் கூடாத சாமான். உங்க கையில ஒரு வாரம் தாங்காது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். லீமாவும் சிரித்தாள். நானும்.

கான்வென்டில் எங்கள் மதர் சொல்வார், பாதி சுத்தம் என்று உலகத்தில் எதுவும் இல்லை என்று. அப்படி வளர்ந்தது குற்றம் என்றால் குற்றம்.

இருபத்தாறு வருடம் நீலகிரி எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவரின் மனைவி நான். இலை வாடுகிற வாசனையை வைத்தே எப்போது உருட்டப் போடலாம் என்று சொல்லுவார் அவர். இன்றைக்கும் அந்த எஸ்டேட்டிலிருந்து பழகியவர்கள் எனக்கு இலை அனுப்புகிறார்கள். ச. இரண்டு எருமை வைத்துப் பஸ் ஸ்டாப் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறாள். டீ பாட் அவளுக்கு.

நவம்பர் 13. புதன்

கிரைண்டர் பெல்ட் வந்தது. தவறான அளவு.

இரவு சாப்பாட்டின்போது தாமஸ் முழுக்க முழுக்க அந்தப் பானையைப் பற்றியே. ரசம் ஆறிப் போனது கூடத் தெரியவில்லை அவனுக்கு. அவன் சொன்ன நன்மைகளும் என் குறிப்பும்:

சூடு நிற்கும். (என் டீ பாட்டுக்குக் கம்பளித் தொப்பி இருக்கிறது, நானே பின்னியது.)

துவர்ப்பு குறைந்து வழவழவென்று இறங்கும். மண்ணின் நுண்துளைகள் கரகரப்பை இழுத்துக்கொள்ளுமாம். (நல்ல இலையில் துவர்ப்பு ஒரு குணம். குறை அல்ல.)

ஒரு பிடி இலையில் நான்கு தடவை எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு ருசி. (ம்.)

உள்ளே பூச்சே கிடையாது. ஊற்றுகிற டீயை மண்ணே கொஞ்சம் குடித்துக்கொள்ளும். பல வருடம் ஒரே வகை இலை போட்டுப் பழகிய பானையில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ வாசம் வருமாம். அங்கே மெஷின் சொல்லிக் கொடுத்த பெரியவர் சொன்னாராம், பானை பழகப் பழகத்தான் டீ டீயாகும் என்று.

இதற்கு எனக்குக் குறிப்பு எதுவும் தோன்றவில்லை.

செய்யக் கூடாதவை: சோப்பு கூடாது. பால் உள்ளே கூடாது. ஒரு வகை இலைக்கு மேல் கூடாது. வேறு எந்த வாசனையும் அண்டக் கூடாது. மண் பிடித்துக்கொண்டால் விடாது.

ச. இதற்குச் சொன்ன விளக்கத்தை மெச்சி மெச்சிச் சொன்னான். "இதுல இன்னா கீது மாப்ள, மீன் கொழம்பு சட்டியில பாயசம் வெப்பாங்களா?" பெரியவர் ஒரு மணி நேரம் விளக்கியதை அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாராம்.

ஐந்தாவது வரை படித்தவள்.

"நீங்களும் ஒரு நாள் வந்து குடிச்சுப் பாருங்கம்மா."

"பார்க்கலாம்," என்றேன். தயிர் வேண்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 14. வியாழன்

போனேன். லீமாவுக்குப் பருப்புருண்டை கொடுக்கத்தான். நானே செய்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே. ஒரு பையன் எழுந்து இடம் தரப் பார்த்தான், வேண்டாம் என்றேன்.

லீமா முகம் நன்றாக இருக்கிறது. கால் சற்று வீக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். ச. எருமையைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"இன்னா சம்மந்தி, மழையில வந்துகினு கீறீங்க! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. குந்துங்க, குந்துங்க."

பானை அலமாரியில் இல்லை. சமையல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், தினசரிப் புழக்கச் சாமான் போல. உள்ளங்கை அளவுதான். பழுத்த பனம்பழத்தின் நிறம். மூக்கு சின்னது. மூடி உட்காரும்போது ஒரு மெல்லிய சத்தம். நான் எதிர்பார்த்தது ஏதோ பொம்மைக் கடைச் சாமான். அப்படி இல்லை. அழகாக இருந்தது. அதை எழுத வேண்டியிருக்கிறது.

அவள் அதற்குக் கெண்டி என்று பேர் வைத்திருக்கிறாள். "சீனாக்காரன் கெண்டி." முதலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாள். பிறகு இலை. பிறகு நீர். மூடி மேலேயும் கொஞ்சம் வெந்நீர். கை ஒரு தரமும் தயங்கவில்லை.

"பால் விக்கிறவ பால் இல்லாத டீ குடிக்கிறான்னு டீக்கடைக்காரங்கல்லாம் சிரிக்கிறாங்க சம்மந்தி. உன் எருமைக்குத் தெரிஞ்சா கறக்காதும்மான்னு ஒருத்தன் சொல்றான்!"

லீமா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டீ குடித்தேன். "பரவாயில்லை," என்றேன்.

பிறகு என் வாய் தானாகச் சொன்னது: "இரண்டு நாள் எனக்குக் கொடுங்கள். என் இலையில் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன்." தர மாட்டாள், தயங்குவாள், அந்தத் தயக்கத்தை நான் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"அய்ய, இதுக்கு இன்னாத்துக்குக் கேட்டுகினு? எடுத்துக்கினு போங்க."

பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள். தயக்கமே இல்லை. எதையும் விட்டுக் கொடுக்கிறவர்களோடு போட்டி போட முடியாது.

நவம்பர் 15. வெள்ளி

நல்ல மழை. மின்சாரம் பதினோரு மணி வரை இல்லை.

பரிசோதனை. அவர் எஸ்டேட்டில் மாதிரிகளை ருசி பார்க்கும் முறைப்படி. சைனா பாட், எவர்சில்வர் ஜாடி, மண் பாட். மூன்றிலும் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கினேன். ஒரே இலை, அளவுக் கரண்டியில் தட்டி. ஒரே நீர், ஆழாக்கு மூன்றுக்கும். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். மூன்று ஒரே மாதிரிக் கோப்பைகள், அடியில் காகிதத்தில் எண் ஒட்டி. நான் முன்னறைக்குப் போய்விட்டேன். கோப்பைகளை மாற்றி வைக்க அஞ்சலை.

"இன்னாம்மா, எனக்குப் பரீட்சையா, உனக்கா?"

"டீக்கு."

"பெயிலானா இன்னா பண்ணுவே?"

"வாயை மூடிக்கொண்டு மாற்றி வை."

முதல் தடவை: நடுவில் இருந்தது சிறந்தது என்றேன். திருப்பிப் பார்த்தேன். மண்.

இரண்டாம் தடவை, புது இலை: இடது பக்கம். மண்.

மூன்றாம் தடவை நாக்கு களைத்திருக்கும் என்று வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, ஜெபமாலை ஒரு பத்து சொல்லிவிட்டு வந்தேன். மண்.

எவர்சில்வரில் ஓர் இரும்பு வாடை. அது எதிர்பார்த்ததுதான். சைனாவில் சுத்தமாக, கூர்மையாக. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மண்ணில் அதே இலை வட்டமாக இருந்தது. வேறு சொல் கிடைக்கவில்லை. ஓரங்களே இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் கொஞ்ச நேரம் இனிப்பு. அவர் ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முப்பது வருடம் சரியான டீ போட்டதாக நினைத்திருந்தேன்.

"எதும்மா பாஸு?" என்றாள் அஞ்சலை.

"எல்லாம் ஒன்றுதான்," என்றேன்.

தாமஸ் எட்டரைக்கு வந்தான். பானை இங்கே இருந்தும் அங்கேதான் இறங்கியிருக்கிறான். அலுமினியப் பாத்திரத்தில் போட்டார்களாம். "பேசிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியலம்மா."

ஆக, பானை இல்லாமலும்.

நவம்பர் 16. சனி

தூக்கம் சரியில்லை. முட்டி வலி.

அஞ்சலையை வைத்து உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், எள் வறுத்து இட்லிப்பொடி அரைத்தேன். பூண்டு கொஞ்சம் கூட. கட்டிப் பெருங்காயம் பொரித்துப் போட்டேன். தெரு முழுக்க வாசனை.

நாளை பூசைக்குப் பிறகு பானையைத் திருப்பித் தர வேண்டும். சொன்னபடி வெந்நீரில் மட்டும் கழுவினேன். சோப்பு இல்லை. நார் இல்லை. கவிழ்த்துக் காய வைத்தேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது வழக்கம் இல்லை. என் அம்மாவும் தந்ததில்லை, மாமியாரும் தந்ததில்லை. ஒரு பிடி அரிசியாவது வைத்துத்தான் தருவோம். சர்க்கரை போடலாம் என்றால் டப்பாவில் எறும்பு. இலை போடலாம் என்றால் இருப்பது கொஞ்சம். பொடி போட்டேன். மூடி வரைக்கும். சூடு ஆறாமல் இருந்தது. மூடியை வைத்து, துணியால் கட்டி, மேடையில் வைத்தேன்.

மாலை ஒரு மணி நேரம் வெயில்.

நவம்பர் 17. ஞாயிறு

சாமியார் பிரசங்கம் நீளம். தாமஸும் நானும் அங்கிருந்து நேராகச் சுங்குவார்சத்திரம். அவன் வழியில் பழம் வாங்க நின்றான். நான் முன்னால் போய்ப் பையைக் கொடுத்துவிட்டேன்.

ச. துணியை அவிழ்த்து முகர்ந்தாள். ஒரு கணம். ஒரே கணம்தான், எழுதும்போது நீளமாகத் தெரிகிறது.

"அடேங்கப்பா, பொடி! சம்மந்தி கை மணமே மணம். லீமா, நாளைக்கு இட்லிக்கு ஆச்சுடி."

உடனே தட்டிக் கொட்டிவிடவில்லை. அப்படியே மேடையில் வைத்தாள்.

பகல் சாப்பாடு அங்கே. ஆட்டுக் குழம்பு காரம் அதிகம். எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

நவம்பர் 19. செவ்வாய்

பெல்ட் சரியான அளவு கிடைத்தது.

தாமஸ் ஏழரைக்கே வந்துவிட்டான். ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"கெண்டி போச்சும்மா. டீ எல்லாம் பெருங்காய வாசனை. ஊத்துனதும் வீடெல்லாம் வருது."

"எப்படி?" என்றேன்.

என்னைப் பார்த்தான். "அத்தை அதுல பொடியப் போட்டு வெச்சிட்டாங்களாம். டப்பா கிடைக்கலையாம். மறந்துட்டேன் மாப்ள, எம் புத்தியச் செருப்பால அடிங்கன்னாங்க."

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"படிக்காதவர்கள் கையில் கொடுத்தால் அப்படித்தான்."

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். பிறகு, "ரெண்டு கப் குடிச்சேன். ரொம்ப மோசமில்ல," என்று எழுந்து போனான்.

ச. ஏன் அப்படிச் சொன்னாள்? யாரும் கேட்கவில்லையே. மறதியா? மறதி இல்லை. பொடியை நான் வைத்துக் கொடுத்ததை லீமாவும் பார்த்தாள்.

அப்படியானால் லீமாவையும் பேசாதே என்று சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 20. புதன்

ஒன்றும் செய்யவில்லை. அலமாரிப் பித்தளை எல்லாவற்றையும் எடுத்துத் தேய்த்தேன். அஞ்சலை "நேத்துதானே தேச்சோம்" என்றாள்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு இல்லை. இலையும் இரண்டு பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 21. வியாழன்

போனேன். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. குடை மட்டும்.

லீமா தூங்கிக்கொண்டிருந்தாள். ச. கொல்லையில் எருமைக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். கெண்டி துணி துவைக்கும் கல்லின் மேல், திறந்து, உள்ளே அடுப்புக் கரித்துண்டுகள். வாசனையைக் கரி இழுக்குமாம். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று அலுத்துக்கொண்டாள், ஏதோ வத்தல் காய வைத்தது போல.

நேராகக் கேட்டேன். "நீங்கள் வைத்ததாக ஏன் சொன்னீர்கள்?"

"மாப்ள மொகம் ஒரு மாதிரி ஆச்சு. சொல்ட்டேன். இதுல இன்னா இப்போ?"

"நான்தான் வைத்தேன்."

"தெரியாதா எனக்கு? வழக்கம்தானே, வெறும் ஏனம் குடுக்கக் கூடாதுன்னு."

"வழக்கம் இல்லை," என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். புண்ணாக்கு வாடை.

"மணிமங்கலத்துல எனக்கு ஒரு ஓரகத்தி. அவ ஒறை ஊத்துனா தயிரு கத்தி போட்டு அறுக்கலாம். எம் மாமியா அவ தயிரத்தான் கேக்கும். எம் புருசனும். ஒரு நாள் அவ தயிர்ப் பானையில பச்சை மொளகாய நசுக்கிப் போட்டு ராத்திரி முச்சூடும் ஊற வெச்சேன். மோர் மொளகாய்க்கு ஊற வெச்சேன், தெரியாம உன் பானைய எடுத்துட்டேன்னு சொன்னேன். ஒரு மாசம் அந்த வூட்டுத் தயிரு காரம்! மாமியா ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணி குடிக்கும்."

சிரித்தாள். தோளால் என் தோளை இடித்தாள். என் தோளை யாரும் இடித்ததில்லை, அவர் கூட.

"அவள் கண்டுபிடித்தாளா?" என்றேன்.

"மொதல் நாளே. இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல. அதான் சம்மந்தி எரியுது. மொளகா கூட அவ்ளோ எரியல."

டீ வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தது: அவள் என்னை மன்னித்தாளா இல்லையா என்பதல்ல. என் தவறைத் தன் பேரில் எழுதிக்கொண்டாள். டீயில் ஜெயித்தாள், தாமஸில் ஜெயித்தாள், லீமாவின் சிரிப்பில் ஜெயித்தாள். இதிலுமா? பெருந்தன்மையும் அவளுக்கே போக வேண்டுமா? கான்வென்டில் பத்து வருடம் பாவத்தைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவள் நான். என் பாவம் என்னுடையது. அதை அவளுக்குத் தர மாட்டேன்.

நல்ல காரணம் அல்ல என்று தெரிகிறது. இருக்கிற காரணம் இதுதான்.

நவம்பர் 22. வெள்ளி

காலை ஏழு மணி. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம். தாமஸ் நாற்காலியில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நான் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பொடியை வைத்தது நான். உன் அத்தை இல்லை."

அவன் குனிந்தபடியே இருந்தான். "தெரியும்மா."

"யார் சொன்னது? லீமாவா?"

"யாரும் சொல்லல. மொத வாய் குடிச்சதுமே தெரிஞ்சிது. பூண்டு போட்டு, பெருங்காயத்தப் பொரிச்சு அரைக்கிற பொடி இந்த ஊர்ல வேற யாரு வீட்டுல இருக்கு? முப்பது வருசமா சாப்பிடறேன்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்க சொல்வீங்கன்னுதான்." இரண்டாவது லேஸைக் கட்டினான். "வேணும்னேவாம்மா?"

டிபன் பாக்ஸ் சூடாக இருந்தது. கை மாற்றிக்கொண்டேன்.

"ஆமாம்."

"எதுக்கு?"

எத்தனையோ சொல்லலாம் என்று வைத்திருந்தேன். குடை. சைனா செட். பதினோரு தடவை, இன்றைக்கு அது பத்தொன்பது. "ஐந்தரைக்கு இரண்டு கோப்பை போடுகிறேன்," என்றேன். "தினமும்."

பஸ் ஹாரன். எழுந்தான். டிபன் பாக்ஸை என் கையிலிருந்து வாங்கினான். வாசலில் திரும்பி, "தைவான் பெரியவர் சொல்லியிருக்காரும்மா. கெண்டிய இலையும் தண்ணியுமா போட்டு, சின்னத் தீயில விட்டு விட்டுக் காய்ச்சணும். வாசனை ஒரே நாள்ல போகாது. தினமும் பண்ணணும்," என்றான்.

"யார்?"

"யாரு கெடுத்தாங்களோ அவங்க."

கோபமா என்று தெரியவில்லை. ஓடிவிட்டான்.

சாயங்காலம் ஐந்து நாற்பது. வந்தான். நேராக, இங்கே. குடித்தோம். சைனா பாட். சுத்தமாக, கூர்மையாக. பேச்சு அதிகம் இல்லை. அவன் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தான். லீமாவின் கால் வீக்கம் அவன் மனதில். பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு நீ அங்கேயே இறங்கு," என்றேன். "நானும் அங்கேதான் இருப்பேன்."

நவம்பர் 23. சனி

மழை. விட்டு விட்டு.

மதியம் மூன்று மணிக்கே ச. வீட்டில். பிரிக்காத இரண்டு பாக்கெட் இலையும் எடுத்துப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "தாமஸிடம் சொல்லிவிட்டேன். நான்தான் என்று."

"சரியான ஆளு சம்மந்தி நீங்க. நான் கட்டுன பொய்ய இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே," என்றாள். அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் வருத்தம். எனக்கு அது பிடித்தது.

மண்ணெண்ணெய் அடுப்பு. பெரிய சட்டியில் தண்ணீர், அதில் இலை, அதற்குள் கெண்டி, அடியில் மடித்த துணி. கொதிக்க விடக் கூடாது. நான் நேரம் பார்த்தேன், அவள் தீயைப் பார்த்தாள். திரியை எவ்வளவு இறக்குவது என்று ஒரு சண்டை. அவள் சொன்னது சரி. முதல் தண்ணீரைக் கொட்டினோம்: பெருங்காயம். இரண்டாவது: பெருங்காயம். மூன்றாவதை முகர்ந்துவிட்டு லீமா, "அத்தை, சாம்பாருக்கு ஆகும்," என்றாள். என்னைப் பார்த்து, என் முகத்துக்கு நேராக. சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஐந்தே காலுக்கு வெளியே எடுத்து, வெந்நீர் ஊற்றி அலசி, புது இலை போட்டோம். நீர் ஊற்றினேன். மூடி மேலேயும். என் கை தயங்கியது. ச. சட்டியைக் கழுவப் போனாள். கழுவி முடித்து வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

பஸ் நின்ற சத்தம். தாமஸ் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான். லீமாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கோப்பையை எடுத்தான். எடுத்துப் பழக்கத்தில் ச. பக்கம் நீட்டினான்.

கெண்டி என் கையில் இருந்தது.

நீட்டிய கோப்பை அங்கேயே நின்றது. ச. அசையவில்லை. நான்தான் கையை நீட்டி, அவள் மடிக்கு மேலாக, ஊற்றினேன். ஒரு சொட்டு அவள் புடவையில்.